சூடா விட்டுட்டுப் போறேன்

"குழாய்ல எப்படி ஏறணும்னு எனக்குக் காட்டும்மா" என்றேன்.

அம்மா என் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி காலரின் மேல் அப்படியே நின்றுவிட்டது. துணி கருகும் வாசனை வருவதற்குள் தூக்கிவிட்டாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அவளிடம் கேட்காதே என்று நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தெல்மா சித்தி சொல்லி வைத்திருந்தாள். "ராத்திரி எங்க போறா, என்ன வேலை, யாரு கொண்டுவந்து விடுறா, ஒண்ணும் கேக்காத. உன்னைப் படிக்க வெக்கிறாளா? வாயை மூடிக்கிட்டுப் படி." நானும் மூடிக்கொண்டுதான் படித்தேன். அம்மா நெடுஞ்சாலை ஹோட்டலில் இரவு ஷிப்டில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். என் வகுப்புப் பெண்ணொருத்தியின் அண்ணன் ஒருநாள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்து விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து இடுப்பை ஆட்டிக் காட்டினான். அன்று வீட்டுக்கு வந்து அந்த விரிப்புக் கதையையே எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் தொரெயோனில் இஞ்சினியர் பட்டம் வாங்கிய பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களுடைய அம்மாக்கள் எல்லாம் எதையாவது துவைத்திருப்பார்கள்தான்.

குழாயில் ஏறும் வகுப்புக்கு நானாகத் தேடிப் போகவில்லை. கார்களுக்கு வயர் பின்னும் தொழிற்சாலையில் தரப் பிரிவில் வேலை. அங்கே எனக்குத் தலைமை கிரிசெல்தா மேடம். "நாள் பூரா குனிஞ்சே இருக்கே நெரெய்தா, முப்பது வயசுல கூன் விழுந்திடும். எங்ககூட போல் ஃபிட்னஸுக்கு வா" என்றாள். போல். தரையிலிருந்து உத்தரம் வரை நிற்கும் கம்பி; அந்த இடத்தில் அதை யாரும் குழாய் என்று சொல்லக் கூடாது. சொன்னால் எல்லாருக்கும் நடுவில் நின்று உட்கார்ந்து எழ வேண்டும், மூச்சு வாங்கும் வரை. எங்கள் ஊரில் குழாய் என்றால் எது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவப்பு விளக்கு, இரும்புக் கதவு, வாசலில் தடியன், உள்ளே ஆடுகிறவள். அதனால் இங்கே போல். சுவரில் பெரிய எழுத்தில் 'இது விளையாட்டு' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே பல் டாக்டர், வங்கி மேலாளர், ஒரு நீதிபதியின் மருமகள் என்று எல்லாரும் அரை நிக்கரில் நின்று தொடையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. என் அம்மாவால் வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்றை இவர்கள் பை நிறையத் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் கொண்டுவந்து கற்றுக்கொள்கிறார்கள். நானும் துண்டோடுதான் வந்திருந்தேன்.

என்னால் ஏற முடியவில்லை. முதல் வகுப்புக்குக் கைக்கு க்ரீம் போட்டுக்கொண்டு போய், பிடித்த மாத்திரத்தில் வழுக்கிப் பின்பக்கமாக உட்கார்ந்தேன். அதன் பிறகு க்ரீமை விட்டேன். ஆனாலும் ஏற முடியவில்லை. பாதத்தை வளைத்துக் கம்பியின் ஓரத்தில் கொக்கி மாதிரி போட வேண்டும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பால் அழுத்த வேண்டும், மற்றக் கால் வந்து பின்னாலிருந்து கவ்வ வேண்டும். தோல்தான் பிடிப்பு. அது கிள்ளும், எரியும். அந்த எரிச்சல் வந்ததும் என் கால் தானாக விட்டுவிடும். என்னோடு சேர்ந்தவர்கள் உத்தரத்தைத் தொட்டுவிட்டு இறங்கினார்கள். நான் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தொங்கி நழுவிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளரும் அந்த இடத்தின் சொந்தக்காரியுமான லிசெத் மிஸ் பொறுமையாகத்தான் இருந்தாள். "அவசரப்படாத இஞ்சினியரே. கம்பி எங்கயும் ஓடிப் போகாது" என்பாள். கிரிசெல்தா மேடம் மேலிருந்து, "தரப் பரிசோதனையில ஃபெயில்!" என்று கத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்தக் கோபத்தில்தான் கேட்டுவிட்டேன்.

அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டாள். கையை இழுத்து நீவினாள். "பாதத்துக்கு மேல காயம் வலதுலதான் இருக்கு. எலும்புல ஒண்ணையும் காணோம்" என்றாள். "நீ எலும்பால அழுத்துறதில்ல." பிறகு பெட்டியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் காலில் இருக்கும் நீலத் திட்டுகளை அவள் முதல் நாளே படித்துவிட்டாள் என்று.

எங்கள் ஊரில் அன்னையர் நாள் மே பத்து; அதற்கு எங்கள் போல் ஸ்டூடியோவில் ஒரு காலை வகுப்பு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரலாம், கேக் உண்டு, ரோஜா உண்டு. அந்த அழைப்பு அட்டையை நான் குப்பையில் போட்டிருந்தேன். அன்று காலை அம்மா முழங்காலோடு நிற்கும் கறுப்பு லெக்கிங்ஸும் பழைய பனியனுமாகக் கதவருகே நின்றாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?"

"நீதான கேட்ட. காட்டணும்ல."

"அங்க எங்க மேடம் வருவாங்கம்மா. அவங்க அம்மா வருவாங்க. எல்லாரும்..."

"நான் என்ன கடிச்சா வெக்கப்போறேன்? வா, பஸ் போயிடும்."

பஸ்ஸில் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மனதுக்குள் ஒரே நினைப்பு: தெரிந்துவிடக் கூடாது. ஒரே ஒரு அசைவு போதும், கிரிசெல்தா மேடத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு கேன்டீனில், லைனில், ஷிப்ட் மாறும் வாசலில் எல்லாம் நான் விளக்குக் கம்பம்தான். வேண்டாம் அம்மா, திரும்பிப் போயிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் ஜன்னல் வழியே, காய்ந்து கிடந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு, மடியில் கைகளை மல்லாத்தி வைத்திருந்தாள். கையில் எண்ணெய் இல்லை, க்ரீம் இல்லை. வறண்டு வெள்ளை பூத்திருந்தது. எப்போதுமே அவள் கை அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

உள்ளே பதினைந்து இருபது அம்மாக்கள். வாசனை, லிப்ஸ்டிக், நல்ல நாளுக்கென்று பூசிக்கொண்ட க்ரீம். கம்பியைத் தொட்ட ஒவ்வொருத்தியும் வழுக்கிப்போய்ச் சிரித்தாள். கிரிசெல்தா மேடத்தின் அம்மா, கழுத்தில் மாதா படம் தொங்கும் பெரிய அம்மாள், கம்பியைக் கட்டிக்கொண்டு, "என் புருஷனைவிட இது கெட்டி" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். என் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவள் முறை வந்தது. கம்பியைச் சுற்றி நடந்து, ஒரு காலைத் தூக்கி, ஒரு சின்னச் சுற்று. அவ்வளவுதான் அன்றைய பாடம். அவள் கையை ரொம்பக் கீழே வைத்தாள். தப்பு. தோளைத் தூக்கிக்கொண்டாள். தப்பு. பாதிச் சுற்றில் "அய்யோ" என்று விட்டு விழுந்தாள். நான் மூச்சை விட்டேன். நடிக்கிறாள். அச்சு அசலாக நடிக்கிறாள். அவள் விழுந்ததில் சத்தமே வரவில்லை. மற்றவர்கள் பொத்தென்று விழுந்தார்கள், இவள் பூனை மாதிரி. அதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு வேலையைச் செய்துவிட்டு, அது தெரியாத மாதிரி விழவும் அவள் பழகியிருக்கிறாளே.

"செஞ்ஞோரா அம்பாரோ, உங்களுக்குக் கை பலமா இருக்கு. இன்னொரு தடவை பண்ணுங்க. இப்ப கொஞ்சம் மேல பிடிங்க" என்றாள் லிசெத் மிஸ் என் அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. நான் தலையை லேசாக ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் கையை மேலே வைத்தாள்.

சுற்றவில்லை, ஏறினாள். ஒரே ஒரு ஏற்றம், அதுவும் சின்னப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டுகிற மாதிரி மெதுவாக. பாதம் வளைந்தது, கொக்கி விழுந்தது, எலும்பு கம்பியில் பதிந்தது. அழுத்துகிற இடத்தில் தோல் வெளுத்ததை என்னால் பார்க்க முடிந்தது. மற்றக் கால் பின்னால் வந்து மூடியது. அந்த எரிச்சல் அவள் முகத்தில் வந்தது, நின்றது, போனது. அவள் விடவில்லை. ஓ, விடாமல் இருப்பதுதான் வித்தையா என்று நினைத்தேன். இறங்கினாள்.

"அடேயப்பா!" என்றாள் கிரிசெல்தா மேடம். கைதட்டல். மாதா படக்காரம்மா விசிலே அடித்தாள். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தார்கள். அதோடு நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அங்கே ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு துணி வைத்திருப்பாள். ஏறுவதற்கு முன்னால் தன் கம்பியைத் தானே துடைத்துக்கொள்வாள். முடித்ததும் அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவாள். அம்மா முடித்த பிறகு துடைத்தாள். கை எட்டும் உயரத்திலிருந்து கீழ் வரை ஒரே இழுப்பு, துணியை மடித்து இன்னொரு இழுப்பு. பிறகு உள்ளங்கையைக் கம்பியில் வைத்து ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஏசியில் கம்பி சில்லென்று இருந்தது. அடுத்துச் செய்து காட்ட வேண்டியவள் லிசெத் மிஸ். அவள் கையில் துணியைக் கொடுத்துவிட்டு, விலகிக்கொண்டே, அம்மா யோசிக்காமல் சொன்னாள்:

"சூடா விட்டுட்டுப் போறேன்."

லிசெத் மிஸ்ஸும் யோசிக்கவில்லை. துணியை வாங்கிக்கொண்டே, "சாமி உனக்கு நிறையக் குடுக்கட்டும்" என்றாள்.

அதை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சித்தியிடம் தரும்போது சொல்வாள். தோசைக்கல் மாதிரி எங்கள் வீட்டில் ரொட்டிக்கல் உண்டு, அதைவிட்டு நகரும்போது சொல்வாள். குளித்துவிட்டு வரும்போது சொல்வாள். சித்தியும் ஒவ்வொரு தடவையும், "சாமி உனக்கு நிறையக் குடுக்கட்டும்" என்பாள். எங்கள் குடும்பத்துப் பேச்சு, எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே உள்ள கிறுக்கு என்றுதான் இருந்தேன். இல்லை, இது குழாய்ப் பேச்சு. சில்லென்ற கம்பி தோலைப் பிடிக்காது, சூடான கம்பிதான் பிடிக்கும். ஒருத்தி ஆடி முடித்து இறங்கும்போது அடுத்தவளுக்குச் சூட்டை விட்டுவிட்டுப் போகிறாள். அடுத்தவள் வாழ்த்துகிறாள். அப்படியானால் சித்தி. சித்தியும். அப்படியானால் 'இது விளையாட்டு' என்று சுவரில் எழுதிய இவளும்.

லிசெத் மிஸ்ஸின் கை கம்பியில் அப்படியே நின்றது. கழுத்துவரை சிவந்திருந்தாள்.

"அது என்னது, பூசை மந்திரமா?" என்றாள் கிரிசெல்தா மேடம்.

"ஜிம்னாஸ்டிக்ஸ்ல சொல்றது" என்றாள் லிசெத் மிஸ்.

"ஆமா. ஸ்கூல் டீம்ல இருந்தேன்" என்றாள் அம்மா, அவள் முடிப்பதற்குள்.

இருவருமே நன்றாகப் பொய் சொன்னார்கள். ஒருத்தி விட்ட இடத்தை இன்னொருத்தி தாங்கிப் பிடித்தாள்.

"அதான பார்த்தேன்! நெரெய்தாவுக்கு ஏன் வரலைன்னுதான் தெரியல" என்றாள் மேடம். மறுபடியும் சிரிப்பு. கேக் வெட்டப் போனார்கள்.

லிசெத் மிஸ் என் முழங்கையைப் பிடித்து உடை மாற்றும் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"உங்கம்மாவை இனிமே கூட்டிட்டு வராத."

"நான் கூட்டிட்டு வரல. அவங்களா வந்தாங்க."

"வரவேண்டாம்னு சொல்லு. நாசூக்கா சொல்லு."

"ஏன் மிஸ்? நல்லாத்தான ஏறினாங்க?"

"அதனாலதான்."

"நீங்க எங்க ஆடினீங்க?"

கதவைச் சாத்தினாள். அடிப்பாள் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "சுவர்ல நான் எழுதி வெச்சிருக்கறது இந்தப் பொம்பளைங்களுக்காகன்னு நினைச்சியா? இவங்க புருஷன்மாருக்காக. சாயங்காலம் கார்ல வந்து உக்காந்திருக்கானுங்களே, அவனுங்களுக்காக. அதுல ஒருத்தன், ஒரே ஒருத்தன் என் மூஞ்சியை ஞாபகம் வெச்சிருந்தா போதும். நான் முடியை வெட்டினேன், நிறத்தை மாத்தினேன், பேரை மாத்தினேன். உங்கம்மா எதையும் மாத்தல. அதே மூஞ்சியோட வந்து நிக்கிறாங்க. இப்ப போட்டோ எடுக்கணும், இன்டர்நெட்ல எங்க பக்கத்துல போடுவோம், ஊரே பாக்கும். அவங்க அதுல நிக்க வேண்டாம். எனக்காக மட்டும் சொல்லல. உங்க மேடம் நாளைக்கே அதைத் தொழிற்சாலை முழுக்க அனுப்புவா. யோசி. நீ இஞ்சினியர்."

அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்திருந்தேன், அதே வரிசையில். அவள் பேசப் பேச என் குரலே என் காதில் விழுகிற மாதிரி இருந்தது. அவள் மேல் கோபப்படத்தான் ஆசை. ஆனால் அவளுக்கு இரண்டு வயதுப் பிள்ளை இருந்தது, அது அந்த அறை மூலையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிச் சொல்லணும்?" என்றேன். வெட்கங்கெட்டுப் போய் அதையும் கேட்டேன்.

"ஏதாவது சொல்லு."

வெளியே வந்தபோது சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாரும் சுவரோரமாக வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள், அம்மாவும் பெண்ணும், அம்மாவும் பெண்ணும், கையில் ஆளுக்கொரு ரோஜா. என் அம்மா வரிசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். லிசெத் மிஸ்ஸின் போன் அவள் கையில்.

"நீங்களும் வந்து நில்லுங்க செஞ்ஞோரா" என்றாள் மாதா படக்காரம்மா.

"அய்யோ, எனக்குப் படத்துல நிக்கப் பிடிக்காது. நானே எடுக்கறேன். எனக்குக் கை ஆடாது, பாருங்க." எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே சொன்னாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "மகளே, அங்க மேடம் பக்கத்துல போய் நில்லு. அந்த ஓரத்துல இடம் இருக்கு. கொஞ்சம் நெருங்கி நில்லுங்க எல்லாரும். பெரியம்மா, கண்ணைத் திறங்க."

நான் போய் நின்றேன். கிரிசெல்தா மேடம் என் தோளில் கை போட்டாள். யாரோ ரோஜாவைத் திணித்தார்கள்.

போனுக்குப் பின்னால் அம்மாவின் முகத்தில் பாதி மறைந்திருந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது, இடுங்கிய கண். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். தேவாலயத்தில் எடுத்த என் முதல் நற்கருணைப் படத்தில் என்னையும் பாதிரியாரையும் பார்த்த கண். பதினைந்தாம் பிறந்தநாளில், ரோஸ் கவுனில் மாமன்களோடு நின்ற என்னைப் பார்த்த கண். பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியில் பேராசிரியர்களுக்கு நடுவில் நான் நின்றபோது எதிரே இருந்த கண். வீட்டுச் சுவரில் அந்தப் படங்கள் எல்லாம் தொங்குகின்றன. ஒன்றில்கூட அவள் இல்லை. அவளுக்குப் படம் பிடிக்கப் பிடிக்கும் போலிருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இஞ்சினியர் நான். தரப் பரிசோதனை என் வேலை.

"மகளே, தலையைக் கொஞ்சம் தூக்கு. சிரி."

நான் எதையும் முடிவு செய்ததாக நினைவில்லை. கால் நகர்ந்தபோது முடிவு ஏற்கனவே இருந்தது. ரோஜாவை மேடத்தின் கையில் கொடுத்தேன். அவள் கையை என் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டேன்.

"ஏய், நகராத, படம் கலையுது" என்றாள் அம்மா.

"எங்க போற நெரெய்தா?" என்றாள் மேடம். "ஒரு நிமிஷம்தான், நில்லு."

"எங்கம்மா இல்லாத படத்துல நான் நிக்கமாட்டேன்."

"அவங்களுக்குத்தான் பிடிக்காதுன்னாங்களே!"

"எனக்கும் பிடிக்கல."

லிசெத் மிஸ்ஸைப் பற்றி நான் யாரிடமும் சொல்லமாட்டேன். அவளுடையது அவளுக்கு. அம்மாவுடையதை இங்கே எடுத்துப் போடுவதும் என் வேலை இல்லை. ஆனால் திங்கட்கிழமை கேன்டீனில் யாராவது உங்கம்மா என்ன வேலை பார்த்தாங்க என்று கேட்டால், துவைக்கிற கதை இனி என் வாயில் வராது. கேட்கிறவள் மேடமாக இருந்தாலும் வராது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடிக்கிறவன் பிடித்துக்கொள்ளட்டும்.

அம்மாவைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். அவள் போனை இன்னும் இறக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், வரிசையையும் என்னையும் மாறி மாறிக் கண்ணாடிச் சதுரத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தோளைத் தொட்டேன், நிற்கவில்லை.

கதவைத் தள்ளினேன். வெளியே வெயில் கண்ணை அடித்தது. தெருவில் புழுதிக் காற்று ஆரம்பித்திருந்தது. எதிர் நடைபாதையில், அம்மாக்களுக்காக வீடு வீடாகப் பாடக் கிளம்பிய மூன்று பாட்டுக்காரர்கள், இடுப்பைப் பிடிக்கும் வெள்ளிப் பொத்தான் உடையில் வியர்த்து, ஒரு பெரிய வயிறு வைத்த கிடாரைச் சின்னக் காருக்குள் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் உள்ளிருந்து இழுத்தான், ஒருத்தன் வெளியே இருந்து தள்ளினான், மூன்றாமவன் தொப்பி பறக்காமல் தலையைப் பிடித்துக்கொண்டு இருவரையும் திட்டினான்.

"உங்கம்மாவுக்கு ஒரு பாட்டுப் பாடலாமா பொண்ணே?" என்றான் என்னைப் பார்த்து.

எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அடியே, செருப்பு!" என்று அம்மாவின் குரல். தரை என் வெறுங்காலை நெருப்பாய்ச் சுட்டது. நான் நடந்துகொண்டே இருந்தேன்.